மதிப்பீடு செய்யக் கவுன்சில் மறுத்துவிட்டது: தீர்ப்பாயமா, முறைப்பாடா, நீதிமன்றமா?

வடலி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு ஆறு வயது. முதலாம் ஆண்டில் படிக்கிறான். பேச்சும் கவனமும் வயதுக்கேற்ப வளரவில்லை என்று பாலர் வகுப்பு ஆசிரியையே எங்களிடம் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் காத்திருந்து பார்த்த பிறகு, ஜனவரி 31 அன்று, இங்கே எல்லோரும் இ.எச்.சி. (கல்வி, சுகாதாரம், பராமரிப்பு) மதிப்பீடு என்று சொல்கிறார்களே, அதைச் செய்யும்படி நானே கவுன்சிலுக்கு எழுதினேன். ஆறு வாரம் முடிகிற நாளில், மார்ச் 14 என்ற திகதியிட்டு, மதிப்பீடு தேவையில்லை என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் கைக்கு வந்தது 22 ஆம் திகதி.

மறுப்புக்கு மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் என்பதால் ஆங்கிலம் தாமதமாகியிருக்கலாம் என்பது முதலாவது. பாடசாலை தன் சொந்த நிதியிலிருந்து 6,000 பவுண்டு வரை செலவிட்டதற்கான சான்று இல்லை என்பது இரண்டாவது. சகமாணவர்களைவிட அவன் இரண்டு ஆண்டுகள் பின்தங்கியிருப்பதாகத் தெரியவில்லை என்பது மூன்றாவது.

முதல் காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, ஏனென்றால் அவனுக்குத் தமிழும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பம்மாவோடு காணொளியில் பேசும்போது, 'பந்து தா' என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பதற்குள் முகத்தைச் சுளித்து, கையால் ஏதோ வட்டம் போட்டுக் காட்டி, கடைசியில் போனைக் கதிரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பந்தையே எடுத்து வந்து திரைக்கு முன்னால் பிடிக்கிறான். அப்பம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. பிறகு எப்படி இதை ஆங்கிலத்தின் குறை என்று எழுதினார்கள்?

இதற்கிடையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலையிலிருந்து அழைத்து, 'இன்றைக்கு அவனால் முடியவில்லை, கூட்டிச் செல்லுங்கள்' என்கிறார்கள்.

கவுன்சிலிடம் முறைப்பாடு செய்வதா, தீர்ப்பாயத்துக்குப் போவதா, அல்லது நண்பர் ஒருவர் சொன்னதுபோல் வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ (முடிவு சட்டப்படி சரிதானா என்ற நீதிமன்ற மறுஆய்வு) கேட்பதா? நாள் கணக்குக் கடிதத்தின் திகதியிலிருந்தா, அது கையில் கிடைத்த நாளிலிருந்தா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்த்திகைப்பூ:

அன்பின் வடலி, உங்கள் பதிவை வாசித்தபோது நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு வந்த கடிதத்தையே மறுபடி வாசித்ததுபோல் இருந்தது. காரணங்கள்கூட ஏறக்குறைய அவையேதான்.

முதலில் 2014 ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தின் 36 ஆம் பிரிவை எடுத்து வாசியுங்கள். அதன் எட்டாவது உட்பிரிவில் கவுன்சில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டுதான் இருக்கின்றன. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கலாமா என்பது ஒன்று. அந்தத் தேவைக்கான ஏற்பாட்டை, பிள்ளைக்கு வேண்டிய உதவியைச் சட்டப்படி எழுதித் தரும் ஓர் இ.எச்.சி. திட்டத்தின் வழியாகச் செய்வது அவசியமாகலாமா என்பது மற்றது. சட்டத்தின் பாரம் முழுவதும் அந்த 'லாம்' மேல்தான் நிற்கிறது. திட்டம் தேவை என்று நீங்கள் இப்போது நிரூபிக்க வேண்டியதில்லை. தேவைப்படக்கூடும் என்று காட்டினால் போதும். மதிப்பீடு செய்வதே அதைக் கண்டறிவதற்காகத்தானே. 2016 இல் கேம்பிரிட்ஜ்ஷயர் வழக்கு ஒன்றில் மேல் தீர்ப்பாயமும், இந்தக் கட்டத்தில் எடுக்கப்படும் முடிவு தற்காலிகமானது, இனி என்ன தேவைப்படும் என்பதை முன்னோக்கிக் கணிப்பது என்றுதான் விளக்கியது.

6,000 பவுண்டும் இரண்டு ஆண்டுப் பின்னடைவும் அந்தப் பிரிவில் எங்குமே கிடையாது. அவை கவுன்சில்கள் தங்கள் அலுவலகத்துக்குள் வைத்திருக்கும் அளவுகோல்கள். அவற்றை ஒரு தகவலாகப் பார்க்கலாம். அவற்றுக்குப் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்தால் கதவைச் சாத்த முடியாது.

மொழி விடயத்துக்கு வருகிறேன். அதே சட்டத்தின் 20 ஆம் பிரிவு, நான்காவது உட்பிரிவு: வீட்டில் பேசும் மொழி பாடம் நடக்கும் மொழியிலிருந்து வேறாக இருப்பதனால் மட்டுமே ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்கிறது. கவுன்சில் இதைத்தான் கையில் எடுத்திருக்கும். ஆனால் அதில் 'மட்டுமே' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. பிள்ளை இரண்டு மொழியிலும் திணறினால் அந்த உட்பிரிவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே உங்கள் வழக்கின் உயிர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் இருக்கிறது. பேச்சு சிகிச்சையாளர் அவனை இதுவரை ஆங்கிலத்தில் மட்டும் பார்த்திருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்து இரு மொழியிலும் பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். எங்கள் மகளுக்கு அந்த ஒரே அறிக்கைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் மத்தியஸ்தத்தில் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நாங்கள் கலந்துகொண்டோம். அந்தப் பக்கம் வந்திருந்தவருக்கு முடிவை மாற்றும் அதிகாரமே இல்லை என்பது கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியவந்தது.

ஏட்டுச்சுவடி:

வடலிக்கும் கார்த்திகைப்பூவுக்கும் வணக்கம். நான் வழக்கறிஞர் அல்லன். பெற்றோர்கள் படிவம் நிரப்பவும் ஆவணங்களை அடுக்கவும் பல வருடங்களாகத் தன்னார்வமாக உதவி வருகிறேன். கார்த்திகைப்பூ சொன்னவற்றில் ஒன்றை மட்டும் திருத்திக்கொண்டு மேலே செல்கிறேன்.

மத்தியஸ்தத்தில் கலந்துகொள்வது கட்டாயம் இல்லை. மத்தியஸ்த ஆலோசகரைத் தொடர்புகொண்டு தகவலைக் கேட்டுக்கொள்வதுதான் கட்டாயம். கேட்டபின், 'எனக்கு மத்தியஸ்தம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் சான்றிதழ் அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மேல்முறையீட்டைத் தீர்ப்பாயம் பதிவு செய்யாது. வழக்கு பள்ளியின் பெயரைப் பற்றியது மட்டுமே என்றால் சான்றிதழும் தேவையில்லை. உங்களுடையது அந்த வகையில் வராது.

நாள் கணக்குக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்துதான். அதிலிருந்து இரண்டு மாதம், அல்லது சான்றிதழின் தேதியிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கடைசி நாள். உங்களுக்கு இரண்டு மாதம் மே 14 அன்று முடிகிறது. ஏப்ரல் 9 அன்று சான்றிதழ் வாங்கினால் அதன் ஒரு மாதம் மே 9 ஆகும். மே 14 அதற்குப் பிந்தியது என்பதால் மே 14 வரை நேரம் இருக்கிறது. மே 10 அன்று வாங்கினால் ஜூன் 10 வரை. ஆனால் ஆலோசகரைத் தொடர்புகொள்வது அந்த முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்துவிட வேண்டும். இந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலரும் கவுன்சிலுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதிவிட்டு அதன் பதிலுக்காகக் காத்திருந்து காலத்தைக் கோட்டை விட்டவர்கள். முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பாயத்தின் கடிகாரம் நிற்பதில்லை.

எந்த வழி என்பதுதான் உங்கள் முக்கியக் கேள்வி. அதற்கு நான் எப்போதும் திருப்பிக் கேட்பது, எதிர்ப்பது ஒரு முடிவையா, முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதையா, எழுதிக் கொடுத்ததைச் செய்யாமல் விட்டதையா, பள்ளி நடந்துகொண்ட முறையையா என்று. நான்கும் நான்கு வெவ்வேறு வாசல்கள்.

மதிப்பிட மறுப்பது, மதிப்பிட்டபின் திட்டம் தர மறுப்பது, திட்டத்தின் பி (பிள்ளையின் தேவைகள்), எஃப் (அவற்றுக்கான கல்வி ஏற்பாடு), ஐ (பள்ளி) ஆகிய பகுதிகளில் எழுதியுள்ளது, மறுமதிப்பீட்டை மறுப்பது, ஆண்டு மீளாய்வுக்குப் பின் திருத்த மறுப்பது, திட்டத்தையே நிறுத்துவது: இவை எல்லாம் அதே 2014 சட்டத்தின் 51 ஆம் பிரிவின்படி சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு உரியவை. கட்டணம் இல்லை. தோற்றாலும் எதிர்த் தரப்பின் செலவை நீங்கள் கொடுக்க வேண்டிய நிலை, நடத்தை மிகவும் நியாயமற்றதாக இருந்தாலன்றி, வராது. உங்கள் வகைக்கான படிவம் எஸ்.இ.என்.டி. 35ஏ. மதிப்பிட மறுத்த வழக்குகளைப் பெரும்பாலும் விசாரணைக்கு ஆளை அழைக்காமல் ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். ஆகவே காகிதத்தில் இல்லாதது நடக்காததற்குச் சமம்.

இழுத்தடிப்பு வேறு. கோரிக்கை கிடைத்து 6 வாரத்துக்குள் மதிப்பிடுவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மதிப்பிட்டபின் திட்டம் இல்லையென்றால் 16 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். திட்டம் உண்டு என்றால் இறுதித் திட்டம் 20 வாரத்துக்குள் வந்தாக வேண்டும். இந்தக் கெடு தவறும்போது மேல்முறையீடு செய்ய முடிவு என்று ஒன்று இருக்காது. அங்கேதான் முறைப்பாடும், அதற்குப் பின், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனும் வருகிறார்கள். கவுன்சிலின் முறைப்பாட்டு வழியை முடித்துவிட்டு, விடயம் தெரிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அவரிடம் போக வேண்டும். தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகக்கூடிய முடிவின் சரி தவறை அவர் தொடமாட்டார். பிள்ளைக்குப் போய்ச் சேராத கல்விக்குப் பள்ளிப் பருவம் ஒன்றுக்கு 900 முதல் 2,400 பவுண்டு வரை கொடுக்கும்படி பரிந்துரைப்பது அவர் அலுவலகத்தின் வழக்கம். தீர்ப்பாயம் இப்படிப் பணம் வழங்குவதில்லை.

உங்கள் நண்பர் சொன்ன ஜுடிஷியல் ரிவ்யூ இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று. தீர்ப்பாயம் என்ற வழி திறந்திருக்கும்போது உயர் நீதிமன்றம் 'முதலில் அங்கே போய் வாருங்கள்' என்றுதான் சொல்லும். அது பயன்படுவது இறுதித் திட்டம் கையில் இருந்தும் அதில் எழுதியது நடக்காதபோது. 42 ஆம் பிரிவு, எஃப் பகுதியில் உள்ள ஏற்பாட்டைக் கிடைக்கச் செய்வது கவுன்சிலின் கடமை என்கிறது. 'ஆள் கிடைக்கவில்லை, எங்களால் ஆனதைச் செய்தோம்' என்ற பதில் செல்லாது என்பதைப் பழைய சட்டத்தின் கீழேயே, 2010 இல், நார்த் டைன்சைட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்கு முன் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதத்திலேயே பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன. வழக்குத் தொடுப்பதற்கான கெடு மிகக் குறுகியது: உடனடியாக, எப்படியும் மூன்று மாதத்துக்குள். பிள்ளையின் பெயரிலேயே சட்ட உதவி நிதி கோரலாம் என்பதால் பெற்றோரின் வருமானம் அங்கே பெரும்பாலும் தடையாக வருவதில்லை.

கடைசியாக, அந்த ஒன்றரை மணி அழைப்புகள். இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இதுதான் உறுத்தியது. முறையாக இடைநீக்கம் என்று பதிவு செய்யாமல், 'ஆறுதலாக இருக்கட்டும்' என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது சட்டப்படி தவறு; பெற்றோர் சம்மதித்தாலும் தவறுதான். அவனுடைய இடர்ப்பாடு 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சொல்லும் இயலாமை என்ற வரையறைக்குள் வந்தால், பாகுபாடு காட்டியதாகப் பள்ளி மீதே அதே தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கலாம். படிவம் வேறு, கெடு நிகழ்வு நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். அங்கும் பணம் கிடைக்காது. மன்னிப்புக் கடிதம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கொள்கை மாற்றம் போன்றவற்றுக்கு உத்தரவிடுவார்கள். வழக்குப் போடுகிறீர்களோ இல்லையோ, ஒவ்வொரு அழைப்பின் தேதியையும் நேரத்தையும் சொன்ன காரணத்தையும் இன்றே எழுதத் தொடங்குங்கள், கைப்பேசியின் அழைப்புப் பதிவைப் படம் எடுத்து வையுங்கள். பள்ளி தன் வசதிகளைக் கொண்டு சமாளித்துவிடும் என்று கவுன்சில் சொல்கிறது; வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பள்ளியால் மாலை வரை அவனை வைத்திருக்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

கார்த்திகைப்பூ:

திருத்தியதற்கு நன்றி ஐயா. எங்களிடம் கட்டாயம் என்றுதான் சொன்னார்கள், நான் நான்கு வருடமாக அதையே எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன்.

மூன்றாம்மாடி:

வணக்கம். மத்தியஸ்தத்தைப் பற்றி இரண்டு பேரும் சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டீர்கள். நீங்கள் கேட்டால் 30 நாட்களுக்குள் கவுன்சில் அதை ஏற்பாடு செய்ய வேண்டும். தீர்ப்பாயத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் முதல் மறுப்பு மத்தியஸ்தத்தில்தான் மாறியது. காரணம் எங்கள் பேச்சுத் திறமை இல்லை. முடிவை மாற்றும் அதிகாரம் உள்ளவர் வந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தோம், புதிய அறிக்கை ஒன்றையும் ஒரு வாரம் முன்னதாக அனுப்பியிருந்தோம். புதிதாகக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் போகாதீர்கள் என்பேன்.

வடலி, ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பிட ஒப்புக்கொள்வது பாதி வழிகூட இல்லை. எங்களுக்கு மதிப்பீடு முடிந்து திட்டமும் வந்தது; வாசித்தால் பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லை. 'தேவைக்கேற்ப ஆதரவு வழங்கப்படும்', 'வாய்ப்புகள் ஏற்படுத்தித் தரப்படும்', 'பேச்சு சிகிச்சையின் பயனை அவன் பெறுவான்'. இப்படி எழுதியிருந்தால் நாளைக்கு 42 ஆம் பிரிவைக் காட்டி எதைக் கேட்பது? வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாலும் தேவைக்கேற்பத்தான். 1998 இல் சோமர்செட் கவுன்சில் தரப்பாக இருந்த வழக்கிலேயே, எதைத் தீர்மானித்திருக்கிறார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு ஏற்பாடு குறிப்பாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் பி, எஃப், ஐ மூன்றையும் எதிர்த்து மேல்முறையீடு செய்தோம். அதில் உண்மையான வேலை விசாரணை நாளில் நடப்பதில்லை, அதற்கு முன்பு 'வேலை ஆவணம்' என்ற ஒரு கோப்பில் நடக்கிறது. கவுன்சில் தந்த மூலத் திட்டம் சாதாரண எழுத்தில் இருக்கும். நாம் சேர்க்கச் சொல்வது தடித்த எழுத்தில், நீக்கச் சொல்வது தடித்த எழுத்தின் மேல் கோடு போட்டு. கவுன்சில் சேர்ப்பது சாய்வெழுத்தில். இருவரும் ஒத்துக்கொண்டது அடிக்கோட்டுடன். கோப்பு இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வரும். தொடக்கத்தில் எங்களுடையது முழுக்கத் தடித்த எழுத்தாக இருந்தது. ஐந்தாவது முறை திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பாதி அடிக்கோடு. 'பேச்சு சிகிச்சையின் பயனைப் பெறுவான்' என்ற வரி, பல மின்னஞ்சலுக்குப் பிறகு, 'தகுதி பெற்ற பேச்சு சிகிச்சையாளர் பள்ளிப் பருவத்தில் வாரம் ஒரு முறை 45 நிமிடம் நேரடியாகச் சிகிச்சை அளிப்பார்; பருவத்துக்கு ஒரு முறை வகுப்பு உதவியாளருக்குப் பயிற்சி அளித்து இலக்குகளை எழுதித் தருவார்' என்று மாறியது. அந்த ஒரு வரிக்காக நான் விடுப்பு எடுத்த நாட்களை எண்ணாமல் விடுவது நல்லது.

இன்னொன்று. சிகிச்சையை எஃப் பகுதியில் எழுதாமல், சுகாதாரம் என்று சொல்லி ஜி பகுதியில் ஒதுக்கப் பார்ப்பார்கள். 21 ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவு, பிள்ளைக்குக் கற்பிக்கும் அல்லது பயிற்றும் சுகாதார ஏற்பாட்டைச் சிறப்புக் கல்வி ஏற்பாடாகவே கொள்ள வேண்டும் என்கிறது. வேறுபாடு சின்னதாகத் தெரியும். எஃப் பகுதியைத் தீர்ப்பாயம் மாற்றி எழுத உத்தரவிட முடியும். சுகாதாரப் பகுதிகளில் அதனால் பரிந்துரை மட்டும்தான் செய்ய முடியும்.

விசாரணை காணொளி வழியாக நடந்தது. ஒரு நீதிபதி, சிறப்புக் கல்வியில் அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர். நீதிமன்றம் என்று பயந்து கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் முதலில் கேட்டது, பையனுக்கு என்ன பிடிக்கும் என்று. உத்தரவு வந்தபின் திட்டத்தைத் திருத்தக் கவுன்சிலுக்கு ஐந்து வாரம் கெடு. பள்ளியின் பெயரை மட்டும் மாற்றுவதென்றால் இரண்டு வாரம்.

வடலி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மத்தியஸ்த ஆலோசகருடன் பேசிவிட்டேன். எங்களிடம் புதிய அறிக்கை எதுவும் இன்னும் இல்லாததால், மூன்றாம்மாடி அவர்கள் சொன்ன அளவுகோலின்படி, மத்தியஸ்தம் வேண்டாம் என்று சொல்லிச் சான்றிதழ் கேட்டிருக்கிறேன்.

இன்னும் மூன்று ஐயங்கள். வழக்கறிஞர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? என் மனைவிக்கு ஆங்கிலத்தில் பேசத் தயக்கம். பிள்ளையோடு பகல் முழுக்க இருப்பவர் அவர்தான், அவர் தமிழில் பேசலாமா? ஒருவேளை தீர்ப்பாயத்திலும் தோற்றுவிட்டால்?

ஏட்டுச்சுவடி:

பெரும்பாலான பெற்றோர் வழக்கறிஞர் இல்லாமல்தான் செய்கிறார்கள். விசாரணை வரை சென்று முடிவான மேல்முறையீடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் முழுமையாகவோ பகுதியாகவோ பெற்றோர் பக்கமே முடிவாகின்றன என்று நீதி அமைச்சகத்தின் ஆண்டுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. இதைப் பார்த்துக் கை கட்டி உட்கார்ந்துவிட வேண்டாம். உருப்படியாகத் தயார் செய்தவர்கள்தான் பெரும்பாலும் அந்தக் கட்டம் வரை போகிறார்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கு இலவசமாகத் தகவலும் ஆலோசனையும் தரும் சென்டியாஸ் என்ற சேவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்சீ, எஸ்.ஓ.எஸ். சென் என்ற தொண்டு நிறுவனங்களின் தொலைபேசி ஆலோசனையும் இலவசம். இப்சீயின் தளத்தில் உள்ள மாதிரிக் கடிதங்களை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். மதிப்பிட மறுத்த வழக்குக்குப் பணம் செலவிடுவதாக இருந்தால், அதை வழக்கறிஞரைவிட நல்ல அறிக்கைக்குச் செலவிடுங்கள் என்பது என் கருத்து. வேறு கருத்து உள்ளவர்களும் இருப்பார்கள்.

உங்கள் மனைவி தாராளமாகத் தமிழில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று படிவத்திலேயே குறிப்பிட்டால் தீர்ப்பாயம் தன் செலவில் ஏற்பாடு செய்யும். ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்யும் வழக்காக இருந்தால், அவர் சொல்வதைத் தமிழில் எழுதச் சொல்லி, ஆங்கில மொழிபெயர்ப்போடு சேர்த்து அனுப்புங்கள். உங்கள் வழக்கின் மையமே மொழி என்பதால், அதைச் சரியான ஆங்கிலத்தில் நீங்களே எழுதித் தாயின் பெயரில் அனுப்பிவிடாதீர்கள்.

தோற்றால், தீர்ப்பில் சட்டப்பிழை இருந்தால் மட்டும் மேல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு முதலில் முதல்நிலைத் தீர்ப்பாயத்திடமே 28 நாட்களுக்குள் அனுமதி கேட்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்பது சட்டப்பிழை ஆகாது. நடைமுறையில், நிலைமை மாறியதும் புதிய சான்றுகளோடு புதிய கோரிக்கை வைப்பது பல நேரங்களில் விரைவான வழி.

இன்னும் ஒன்று: உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவுன்சில் வைத்திருக்கும் கோப்பின் நகலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். மறுப்பை முடிவு செய்த குழுவின் குறிப்பு அதில் இருக்கும். தமிழ் பேசும் வீடு என்பதைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்த்தார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

நீர்க்கரை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இங்கே சொன்னவை எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்துபவை. நாங்கள் வேல்ஸில் இருக்கிறோம். இங்கே சட்டம் வேறு, இ.எச்.சி. திட்டத்துக்குப் பதிலாகத் தனிநபர் வளர்ச்சித் திட்டம், தீர்ப்பாயமும் வேறு, அது வேல்ஸ் கல்வித் தீர்ப்பாயம். ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் அப்படியே. தேடுபொறி வழியாக இந்த இழைக்கு வருகிறவர்கள் முதலில் தாங்கள் இருக்கும் நாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் இங்கிலாந்தின் படிவத்தை நிரப்பி ஒரு வார இறுதியை வீணாக்கியவன்.

வடலி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சான்றிதழ் வந்தது. கோப்பும் வந்தது. குழுவின் குறிப்பு நான்கு வரி. அதில் 'வீட்டு மொழி தமிழ்' என்பது இரண்டு முறை வருகிறது, பேச்சு சிகிச்சையாளரின் பழைய அறிக்கை ஒரு முறையும் வரவில்லை. அந்தச் சிகிச்சையாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்து அவனை மீண்டும் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார், மே 2 அன்று. பள்ளியிலிருந்து வந்த அழைப்புகள் ஏழு வாரத்தில் பதினாறு என்று கணக்கு வந்தது. எண்ணிப் பார்க்கும் வரை இவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது.

படிவத்தை மே 7 அன்று அனுப்புவதாக இருக்கிறோம். கடைசி ஒரு கேள்வி: அப்பம்மாவோடு பேசும் காணொளியை அப்படியே இணைக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

காணொளியைச் சேர்க்கத் தீர்ப்பாயத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மூன்று நிமிடத்துக்கு மேற்படாத ஒரு பகுதியை எடுத்து, வினாடிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள்: பாட்டி கேட்டது தமிழில், அதன் ஆங்கிலம், பிள்ளை சொன்னது, சொல்லாதது, கையால் காட்டியது. அந்தத் தாளையும் காணொளியையும் மே 2 அன்று சிகிச்சையாளரிடம் கொடுத்து, அவர் பார்த்ததை அவருடைய அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மே 7 க்குள் அறிக்கை வராவிட்டால் படிவத்தை நிறுத்தி வைக்காமல் அனுப்பிவிட்டு, அறிக்கை பின்னால் வருகிறது என்று அதில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.